கடலோரத்தில் கேமிங் கணினிக்கு வாட்டர் கூலிங் தேவையா? விண்டோஸுக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டுமா?

கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இதுதான். திருகோணமலையில் வீடு, கடல் இருநூறு மீற்றரில். முதல் தடவையாகச் சொந்தமாக ஒரு கணினி பூட்டப் போகிறார். அறை அடுப்பு மாதிரிக் கொதிக்கிறது, வாட்டர் கூலிங் (சிப்பின் சூட்டைத் தண்ணீர் ஓட்டி எடுக்கிற முறை) போடலாமா, கண்ணாடிப் பெட்டி வாங்கலாமா, விண்டோஸ் லைசென்ஸுக்குக் காசு கொடுப்பது வீண் செலவுதானே என்று கேட்கிறார்.

ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற ஒரு தம்பி என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தங்கையாக இருந்தால் மன்னிக்கவும்.

எனக்கு முன் பதில் சொன்ன அண்ணாமார் தண்ணீரின் சூட்டை ஆற்றுகிற ரேடியேட்டர் 240 எம்.எம்.மா 360 எம்.எம்.மா என்று சண்டை பிடிக்கிறார்கள். ஒருவர்கூட உப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் உப்புவெளிக்காரன். ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. இருந்தும் ஒரு மதர்போர்டை (கணினியின் எல்லாப் பாகமும் பூட்டுகிற தாய்ப்பலகை) பறிகொடுத்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

நான் பொறியியல் படித்தவன் இல்லை, கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். "எதை வைத்து அளந்தாய், ஆதாரம் எங்கே" என்று கீழே வந்து கேட்கப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: என்னிடம் இருப்பது ஒரு செத்த போர்ட், அவ்வளவுதான்.

2019 கடைசியில் ரைசன் 5 3600 சிப்பும் அதற்கு ஒரு பி450 போர்டும் வாங்கினேன். பாதிக் காசு என்னுடையது, மீதி அக்கா தந்தது. கொழும்பில் இருந்து இரவு ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். கல்லோயாச் சந்தியில் ரயில் குலுக்கிய குலுக்கலில் ஒரு கையால் பெட்டியையும் மறு கையால் நெஞ்சையும் பிடித்துக்கொண்டேன். என்னோடு வந்த கன்னியாச் சிநேகிதனும் அதே கடையில், அதே நாளில், அதே போர்டைத்தான் வாங்கினான். இதை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு வரும்.

அடுத்த வருடம் கச்சான் காற்று தொடங்கியது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மேற்கே இருந்து வருகிற அந்த அனலில் மின்விசிறிகூட வெந்நீரைத்தான் தெளிக்கும். ஊரடங்குக் காலம், வேலையும் இல்லை, நாள் முழுக்க விளையாட்டு. சிப்போடு சும்மா வந்த கூலரில் 88 பாகை காட்டியது. அந்தச் சிப்பின் எல்லை 95. உண்மையில் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் நான் பயந்தேன். கை வேறு சும்மா இருக்கவில்லை.

வாட்டர் கூலிங் வாங்கக் காசு கிடையாது, ஆகவே நானே செய்தேன். ஜப்பானில் இருந்து வருகிற வான்களில் ஹீட்டர் என்று ஒன்று இருக்கிறது தெரியுமா? திருகோணமலையில் யாருமே ஒருநாளும் போடாத சாமான். அதற்குள் சின்னதாக ஓர் அலுமினிய ரேடியேட்டர் இருக்கும். கராஜில் கேட்டதும் சிரித்துக்கொண்டே கழற்றித் தந்தார்கள். மீன் தொட்டிக்குப் போடுகிற பம்ப் ஒன்று, சிப்புக்கு மேல் இறுக்குகிற பாவித்த செம்பு வாட்டர் பிளாக் ஒன்று, பற்றரிக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணீர் இரண்டு போத்தல். பெட்டியின் மேல் தகட்டை வெட்டி ரேடியேட்டரை இறுக்கினேன். 68 பாகை! படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். இப்போது நினைத்தாலும் கொஞ்சம் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

ஐந்து மாதம் ஓடியது. பிறகு பம்ப் முனக ஆரம்பித்தது. குழாயைக் கழற்றினால் தண்ணீருக்குள் வெள்ளையாகச் சுண்ணாம்பு கரைத்த மாதிரி. ரேடியேட்டரின் ஒரு மூலையில் ஊசி முனை அளவு ஓட்டை, அதில் இருந்து கசிவு. நல்ல வேளையாக போர்டில் படவில்லை.

படகு எஞ்சின் திருத்துகிற மாமாவிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கி, நகத்தால் சுரண்டி, முகர்ந்தும் பார்த்தார்.

"என்ன மருமகன், செம்பையும் அலுமினியத்தையும் ஒரே தண்ணிக்குள்ள விட்டனீரோ?"

"ஓம் மாமா."

"ஒண்டை ஒண்டு தின்னும். இஞ்ச பாரும்" என்று மேசைக்கு அடியில் கிடந்த ஒரு துத்தநாகக் கட்டியை எடுத்துக் காட்டினார். எறும்பு அரித்த வெல்லக்கட்டி மாதிரிப் பாதி கரைந்து போயிருந்தது. படகு எஞ்சினில் வேண்டுமென்றே அதைப் பூட்டுவார்களாம். கடல் தண்ணீர் எஞ்சினைத் தின்னாமல் அதைத் தின்னட்டும் என்று. என்னுடைய கணினியில் அந்தக் கட்டியின் வேலையை ரேடியேட்டர் பார்த்திருக்கிறது. நான் யூடியூபில் மூன்று கிழமை படித்ததை அவர் ஒரு நகக்கீறலில் சொல்லி முடித்தார்.

கடையில் பம்பும் ரேடியேட்டரும் பூட்டியே வருகிற ஏ.ஐ.ஓ. வாட்டர் கூலர்களிலும் பெரும்பாலும் செம்புத் தட்டும் அலுமினிய ரேடியேட்டரும்தான், உண்மை. ஆனால் அவற்றுக்குள் அரிப்பைத் தடுக்கிற மருந்து கலந்த திரவம் இருக்கிறது, என்னுடையதில் வெறும் தண்ணீர். ஆகவே "ஏ.ஐ.ஓ.வும் இப்படித்தான் ஓட்டையாகும்" என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனித்தான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். பழைய கூலரைத் திரும்பப் பூட்டினேன். அடுத்த கச்சானுக்குச் சூடு தாங்காமல் பெட்டியின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு மேசை ஃபேனை உள்ளே திருப்பி விட்டேன். எல்லாரும் செய்கிறதுதான், நீங்களும் செய்வீர்கள். பாகை குறைந்தது, மூடியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு மறந்துபோனேன். கச்சான் முடிந்து கடலில் இருந்து வருகிற வாடைக்காற்று திரும்பியது. கடல் பக்க யன்னல் திறந்தபடி, ஃபேன் ஓடியபடி. அலை உடைகிற சாரலில் இருக்கிற உப்பை எல்லாம் நானே காசு கொடுத்து, கறண்ட் கொடுத்து, போர்டுக்கு மேல் ஊதிக்கொண்டிருந்தேன்.

காய்ந்த உப்பு பெரிதாக ஒன்றும் செய்யாது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே தண்ணீர் பிடித்துக் கரையும். மாரி காலத்தில் சமையலறை உப்புப் போத்தல் கசிகிறதே, அதேதான். அது போர்டுக்கு மேல் நடந்தால் கண்ணுக்குத் தெரியாத உப்புத் தண்ணீர்ப் படலம், அதற்குள்ளால் மின்சாரம். 2022 தை மாதம் ஒரு நாள் காலையில் பட்டனை அழுத்தினால் மூச்சுப் பேச்சில்லை. டோர்ச் அடித்துப் பார்த்தேன். ராம் பூட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் கோயில் குத்துவிளக்கின் அடியில் இருக்குமே, அந்தப் பச்சைக் களிம்பு.

கன்னியாக்காரனின் போர்ட்? இன்னும் புதுசு மாதிரி இருக்கிறது. அவனும் தூசு துடைக்கிற ஆள் இல்லை. கடலில் இருந்து சில கிலோமீற்றர் உள்ளே இருக்கிறான், வித்தியாசம் அவ்வளவுதான்.

மூன்று வருட உத்தரவாதம் இருந்தது. அனுப்பினேன். கடையின் பெயர் சொல்லமாட்டேன். பில்லுக்குப் பின்னால் எறும்பெழுத்தில் "எரிவு, உடைவு, இடி மின்னல், துரு நீங்கலாக" என்று இருந்ததாம். "இது பழுது இல்லை, துரு" என்று திருப்பி அனுப்பினார்கள். போக வர அனுப்புகூலியும் என் தலையில். கடலால் சூழப்பட்ட ஒரு நாட்டில் துருவுக்கு உத்தரவாதம் இல்லையாம்!

புதுப் போர்ட் வாங்கலாம் என்று பங்குனியில் காசைத் திரட்டினேன். அந்தப் பங்குனி எது என்று உங்களுக்கே தெரியும், 2022 நெருக்கடிக் காலம். மாதத் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் மாதம் முடிவதற்குள் 300ஐ நெருங்கிவிட்டது. காலையில் கேட்ட விலை பின்னேரம் இல்லை. ஒரு வழியாக போர்ட் வந்து பூட்டினால் திரையின் மூலையில் "விண்டோஸை ஆக்டிவேட் செய்யுங்கள்" என்று வந்து நின்றது.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. நான் வாங்கியிருந்தது ஓ.இ.எம். லைசென்ஸ். விலை குறைவு, ஆனால் அது முதலில் ஏற்றிய கணினியோடு ஒட்டிக்கொள்ளும். ராம் மாற்றலாம், கிராபிக்ஸ் கார்ட் மாற்றலாம், மதர்போர்டை மாற்றினால் அது புதுக் கணினி என்பது மைக்ரோசாஃப்டின் கணக்கு. ஒரேயொரு விலக்கு உண்டு: போர்ட் பழுதானதால் மாற்றினால் பரவாயில்லை. கூத்தைப் பாருங்கள். கடைக்காரருக்கு அது பழுது இல்லை, துரு. மைக்ரோசாஃப்டிடம் நான் அது துரு இல்லை, பழுது என்று சொல்ல வேண்டும்.

போனில் ஆக்டிவேட் செய்தேன். திரையில் வந்த 63 இலக்கத்தைச் சொல்ல வேண்டியிருந்தது, ஏழு ஏழாக ஒன்பது தொகுதி. நாற்பதாவது இலக்கத்தில் கறண்ட் போனது. நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டிய கிழமை அது. இரண்டாம் தடவை நள்ளிரவில் எடுத்துச் சொல்லி முடித்தேன். போர்ட் செத்துவிட்டது, மாற்றினேன் என்றேன். பொய் ஒன்றும் இல்லையே? ஆக்டிவேஷன் கிடைத்தது.

அந்த ஓ.இ.எம். லைசென்ஸ் வாங்குவதற்கு முன் இன்னொரு கூத்து. முகநூலில் ஒருவர் 1,500 ரூபாய்க்கு விண்டோஸுக்கான "வாழ்நாள் கீ" விற்றார், அதையும் வாங்கினேன். ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. கம்பனிகளுக்கு மொத்தமாகக் கொடுக்கிற வகை அது, 180 நாளுக்குள் கம்பனியின் சேர்வரைத் தொட்டுப் புதுப்பிக்க வேண்டும். யாராவது கீ விற்றால் எஸ்.எல்.எம்.ஜி.ஆர். என்ற கட்டளைக்குப் பின்னால் ஓர் இடைவெளி, சாய்கோடு, டி.எல்.ஐ. (slmgr /dli) போட்டு ஓட்டிப் பாருங்கள். தனியாளுக்கு விற்கிற ரீட்டெயிலா, ஓ.இ.எம்.மா, கம்பனிகளுக்கான வால்யூமா என்று அதுவே சொல்லும். கிரேக் (லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிற கள்ள வழி) போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், போடாதீர்கள் என்று பிரசங்கமும் வைக்கமாட்டேன். ஊரில் முக்கால்வாசிக் கணினி எப்படி ஓடுகிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதாக இருந்தால் இரண்டு தடவை யோசியுங்கள். காசு கொடுத்து வாங்குவதென்றால் ரீட்டெயில் வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் போர்ட் செத்தால் அடுத்த போர்டுக்குக் கொண்டுபோகலாம். கடலோரத்தில் போர்ட் சாகும். விண்டோஸுக்குப் பதிலாகச் சும்மா கிடைக்கிற லினக்ஸும் நல்லதுதான், ஆனால் வலோரன்ட் விளையாட வேண்டுமென்றால் அதில் நடக்காது.

விண்டோஸைத் திரும்ப ஏற்றிய நாளில் இருந்து இன்னொரு தொல்லை. அம்மாவின் கோயில் சபைக் கடிதங்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில். எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஒரே அரைப்புள்ளியும் ஆங்கிலக் கிறுக்கலும். யூனிகோடில் தமிழ் 1991இலேயே வந்துவிட்டது. இன்னும் அலுவலகங்களில் போய் யூனிகோடில் கொடுத்தால் "தம்பி, பாமினியில அடிச்சுத் தாரும்" என்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் எங்கேயாவது சொல்லியாக வேண்டும்.

சரி, உங்கள் கணினிக்கு வருகிறேன். வாட்டர் கூலிங் போட்டாலும் அறை 34 பாகை என்றால் தண்ணீரும் அதற்குக் கீழே போகாது. சிப்பின் சூட்டை எடுத்து உங்கள் முகத்திலேயே ஊதும், அவ்வளவுதான். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் உப்புக்கு நல்ல தீனி. பம்ப் போனால் முழுதாக எறிய வேண்டியதுதான். தண்ணீர் இல்லாமல் காற்றாலேயே ஆற்றுகிற, 120 எம்.எம். ஃபேன் வைத்த ஒரு நல்ல டவர் கூலர் போடுங்கள், செம்புக் குழாய்க்கு நிக்கல் பூசியதாகப் பார்த்து. என்னுடையது இப்போது கச்சானிலும் 74க்கு மேல் போவதில்லை. ஃபேன் பழுதானால் ஃபேனை மட்டும் மாற்றலாம்.

பெட்டியைக் கடல் பக்க அறையில் வைக்கவே வேண்டாம். உள்ளே இழுக்கிற ஃபேன் வெளியே தள்ளுகிறதைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும், அப்போது காற்று வடிகட்டி வழியாகத்தான் வரும், இடுக்கு வழியாக வராது. நான் வடிகட்டிக்கு மேல் நுளம்பு வலையை இரண்டாக மடித்து ஒட்டியிருக்கிறேன். நுண்ணிய உப்பை அது பிடிக்காது, தூசையும் பல்லியையும் பிடிக்கும். மாரி காலத்தில் விளையாடாவிட்டாலும் நாளுக்கு ஒரு மணித்தியாலமாவது கணினியைப் போட்டு வையுங்கள், சூட்டில் ஈரம் போகும். அலையடிக்கிற மாதங்களில் ஐசோபுரொப்பைல் அல்ககோலும் மெல்லிய தூரிகையும் கொண்டு துடையுங்கள். கார் கழுவுகிற இடத்து கொம்பிரசரால் ஊதாதீர்கள், அந்தக் குழாய்க்குள் தண்ணீரும் எண்ணெயும் இருக்கும்.

கண்ணாடிப் பெட்டி ஆசை என்றால் வாங்குங்கள். ஆனால் அந்தக் கண்ணாடியைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைக்கக் கூடாது.