எக்செலில் விபிஏ கற்பதா, ஆட்-இன் போட்டால் போதுமா?

மாதாமாதம் பல கோப்புகளை ஒன்றுசேர்த்து, சுத்தம் செய்து, அறிக்கை தயாரிக்க வேண்டியிருக்கிறது. இதற்கு விபிஏ (எக்செலுக்குள்ளேயே இருக்கும் நிரல்மொழி) கற்கலாமா, ஆட்-இன் (எக்செலுடன் இணைக்கும் கூடுதல் நிரல்) போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோப்புகளைச் சேர்ப்பது மட்டும்தான் வேலை என்றால் நிரலே வேண்டாம். தரவைச் சேர்த்துச் சுத்தம் செய்யும் பவர் குவெரி என்ற கருவி எக்செல் 2016 முதல் உள்ளேயே இருக்கிறது. ஃபோல்டரைக் காட்டி ஒருமுறை அமைத்துவிட்டால், புதுக் கோப்பை அதில் போட்டு ரிஃப்ரெஷ் கொடுத்தாலே போதும்.

அதற்கு மேல் தேவை என்றால், தாராளமாக விபிஏ கற்றுக்கொள்ளுங்கள். 1993இல் எக்செல் 5.0 உடன் வந்தது, இன்றும் வேலை செய்கிறது. நீங்கள் செய்வதைப் பதிவுசெய்து நிரலாக (மேக்ரோவாக) எழுதித்தரும் மேக்ரோ ரெக்கார்டரில் தொடங்கலாம். ஆனால் அது வரிக்கு வரி 'செலக்ட்' என்று எழுதித் தள்ளும், லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நிரல்பகுதி) எழுதத் தெரியாது. அந்த இரண்டையும் கையால் திருத்தப் பழகும்போதுதான் மொழி பிடிபடும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. நிரலையும் தரவையும் ஒரே கோப்பில் வைக்காதீர்கள். ஒவ்வொரு மாதக் கோப்பிலும் மேக்ரோவை நகலெடுத்து வைத்தால், பிழை ஒன்றைத் திருத்தும்போது எந்த நகல் சரியானது என்றே தெரியாமல் போகும். நிரலைத் தனிக் கோப்பில் எழுதி .எக்ஸ்எல்ஏஎம் வகையில் சேமித்தால், அதுவே உங்கள் சொந்த ஆட்-இன். அதை ஒருமுறை இயக்கிவிட்டால் திறக்கும் எல்லாக் கோப்புகளுக்கும் கைகொடுக்கும். ஒன்று கவனியுங்கள்: ஆட்-இன்னுக்குள் 'திஸ்ஒர்க்புக்' என்று எழுதினால் அது ஆட்-இன்னையே குறிக்கும். பயனர் திறந்து வைத்திருக்கும் கோப்பு வேண்டுமென்றால் 'ஆக்டிவ்ஒர்க்புக்'.

சூத்திரம் மாதிரி பயன்படும் சிறு ஃபங்ஷன்தான் தேவையா? மைக்ரோசாஃப்ட் 365 இருந்தால், சொந்த ஃபங்ஷனைச் சூத்திரமாகவே எழுத உதவும் 'லாம்ப்டா' போதும். பெயர் வைத்துச் சேமித்தால் கோப்போடு சேர்ந்தே போகும். ஆட்-இன்னில் எழுதிய ஃபங்ஷன், அந்த ஆட்-இன் இல்லாத கணினியில் வேலை செய்யாது.

வேகம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செல் செல்லாகப் படித்து எழுதுவதுதான் பெரும்பாலான மேக்ரோக்களை மெதுவாக்குகிறது. முழு ரேஞ்சையும் (செல்களின் தொகுதி) ஒரே வரியில் அர்ரேக்குள் (நினைவகத்தில் இருக்கும் மதிப்புகளின் பட்டியல்) எடுத்து, அங்கேயே கணக்கிட்டு, ஒரே வரியில் திரும்ப எழுதுங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வரிசை எண்ணை 'லாங்' என்ற எண் வகையில் வையுங்கள். 'இன்டீஜர்' 32,767ஐத் தாண்டாது, ஷீட்டிலோ 10,48,576 வரிசைகள்.

பிரவுசரில் திறக்கும் எக்செலில் விபிஏ ஓடாது. உங்கள் குழு அங்கேதான் வேலை செய்கிறது என்றால், டைப்ஸ்கிரிப்டில் எழுதும் ஆஃபிஸ் ஸ்கிரிப்ட்ஸ் பக்கம் போவதே நல்லது.

அப்புறம், மேக்ரோ ஷீட்டை மாற்றியபின் கன்ட்ரோல்-இசட் பழைய நிலைக்குக் கொண்டுவராது. ஓட்டுவதற்கு முன் கோப்பை நகலெடுத்து வையுங்கள்.