உறைபனி நிலத்தில் மனிதத் தடம்: காலக்கணிப்பு கேள்வி பதில்

செல்வி: ஆர்க்டிக்கில் மனிதர் வாழ்ந்ததற்கு மிகப் பழைய சான்று எது?

உறுதியான குடியிருப்பு என்றால், தொலைவடக்கில் சைபீரியாவின் யானா ஆற்றங்கரை. வடக்கே 71 பாகை, சுமார் 32,000 ஆண்டு. கல் கருவி, தந்த வேலைப்பாடு, மனிதப் பால்பற்கள் எல்லாம் கிடைத்திருக்கின்றன. சைபீரியாவின் சோபோச்னயா கர்காவில் கிடைத்த மாமத் (அழிந்துபோன உரோம யானை) 45,000 ஆண்டுப் பழையது, விலாவில் ஆயுதக் காயம் என்கிறார்கள். ஆனால் அது ஒற்றை விலங்கு, குடியிருப்பு அல்ல.

அருண்: கனடாவின் யூகானிலுள்ள புளூஃபிஷ் குகைக்கு வயது 19,650 என்றும் 24,000 என்றும் போடுகிறார்களே?

இரண்டும் ஒரே குதிரைத் தாடையின் வயதுதான். முதலாவது திருத்தாத ரேடியோகார்பன் ஆண்டு, அதாவது காலப்போக்கில் சிதையும் கார்பன்-14 எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்துப் போட்ட கணக்கு. வளிமண்டலத்தில் கார்பன்-14 எப்போதும் ஒரே அளவில் இருந்ததில்லை. அதைச் சரிக்கட்டினால் ஏறத்தாழ 24,000. எந்த எண்ணைப் பார்த்தாலும் திருத்தியதா என்று முதலில் கேளுங்கள்.

கதிர்: இப்படி அளக்க எலும்பில் எவ்வளவு தேவை? என்ன செய்வார்கள்?

பொதுவாக அரை முதல் ஒரு கிராம். பசை, பூச்சு இருந்தால் முதலில் சுரண்டி எடுக்க வேண்டும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தாதுப்பகுதி கரையும், காரம் மண்ணின் மட்கு அமிலங்களை நீக்கும். எஞ்சிய கொலாஜனை (எலும்பின் புரதம்) இளஞ்சூட்டில் ஜெலட்டினாக்கி, நுண்வடிகட்டியில் வடித்து, உறையவைத்து உலர்த்தி, எரித்து, வரும் வாயுவைக் கிராஃபைட்டாக்கி, அதிலுள்ள கார்பன்-14 அணுக்களைத் துகள் முடுக்கியில் எண்ணுவார்கள். கொலாஜன் எடையில் 1 சதவீதத்துக்குக் கீழ் என்றாலோ, கார்பன்-நைட்ரஜன் விகிதம் 2.9க்கும் 3.6க்கும் வெளியே போனாலோ அந்த மாதிரியை விட்டுவிடுவது நல்லது. கார்பன்-14 ஒரு துளிகூட மிஞ்சாத எலும்பில் 1 சதவீதம் இக்காலக் கார்பன் கலந்தால் போதும், 37,000 ஆண்டு என்று காட்டும்.

குளிர் கொலாஜனைக் காப்பாற்றும், மண்ணடுக்கைக் காப்பாற்றாது. உறைந்து உருகும் மண் பொருள்களை மேலும் கீழும் தள்ளும். ஆறு கரையை அரித்து எலும்பை வேறிடத்தில் போடும். அடுப்புக்கரி என்றாலும் கவனம்: மிதந்து வந்த பழைய மரத்தை எரித்திருக்கலாம். சில ஆண்டே வளர்ந்த மெல்லிய வில்லோ (புதர்ச்செடி) சுள்ளி கிடைத்தால் அதையே அனுப்புங்கள்.

மீனா: எத்தனை கிராம் வேண்டும்?

கதிருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

ரவி: கருவியையே அளந்துவிட்டால் சிக்கல் தீர்ந்ததுதானே?

யூகானின் ஓல்டு க்ரோவில் கிடைத்த, தோலில் சதை வழிக்கும் எலும்புக் கருவியை அப்படித்தான் அளந்தார்கள். 27,000 ஆண்டு வந்தது. அளந்தது தாதுப்பகுதியை, நிலத்தடி நீரோடு கார்பனைப் பரிமாறிக்கொள்ளும் பகுதி அது. 1986-இல் கொலாஜனை அளந்தபோது வெறும் 1,350!

அருண்: புளூஃபிஷில் கொலாஜன்தானே அளந்தார்கள்? பிறகு எதற்குச் சண்டை?

குதிரை செத்த காலத்தில் சண்டை இல்லை, எலும்பிலுள்ள கீறலில்தான். கல் கத்தியா, ஓநாய்ப் பல்லா, விழுந்த பாறையா? 2017-இல் நுண்ணோக்கியில் மறுபடி பார்த்தவர்கள் சிலவற்றை வெட்டுத் தடம் என்றார்கள். பச்சை எலும்பில் விழுந்த வெட்டு என்று உறுதியானால் விலங்கின் வயதே மனிதனின் வயது.

ரவி: தந்தத்துக்கும் அப்படித்தானே?

இல்லவே இல்லை. உறைமண்ணில் கிடக்கும் தந்தம் பல ஆயிரம் ஆண்டு கழித்தும் செதுக்க உதவும். மாமத் செத்த காலம் ஒன்று, செதுக்கிய காலம் வேறு.

அருண்: அப்படியானால் யானாவின் தந்தப் பொருள்களும் சந்தேகம்தானே?

தந்தத்தை மட்டும் அளந்திருந்தால் சந்தேகம்தான். அங்கே கருவிகளோடு கிடந்த மற்ற விலங்கெலும்புகளும் ஒத்துப்போகின்றன.

பிரபு: கரிமப் பொருளே இல்லையென்றால்?

குவார்ட்ஸ் மணல் கடைசியாக வெயில் கண்ட காலத்தை ஒளித்தூண்டல் முறையில் அளக்கலாம். உலோகக் குழாயை அடித்து இறக்கி, வெளிச்சம் படாமல் எடுக்க வேண்டும். மண்ணில் இருந்த பனியின் அளவைக் குறைத்துப் போட்டால் வயது இளமையாக வரும். தோண்டி வெட்டிய மண்சுவர் இன்று காய்ந்திருப்பதை நம்பாதீர்கள்.

செல்வி: மரபணு என்ன சொல்கிறது?

என் துறை அல்ல, தொல்மரபணு ஆட்களைக் கேளுங்கள்.

கோபி: 19,650 சரியா, 24,000 சரியா?

மேலே, இரண்டாவது கேள்வி.