கத்தரி விழும் இடம்

கேள்வி: ஒரு பரம்பரையலகிலிருந்து வரும் தூது ஆர்.என்.ஏ இரண்டு மூன்று இடங்களில் முடியலாம் என்று ஆசிரியை சொன்னார். எங்கே முடிந்தால் என்ன, செய்தி ஒன்றுதானே?
– உயர்தர மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: நல்ல கேள்வி, மகள். நான் உயிரியல் படிப்பித்த காலத்தில் தூதின், அதாவது புரதம் செய்யப் பரம்பரையலகிலிருந்து எடுக்கப்படும் பிரதியின், வாலைக் கரும்பலகையில் ‘ஏஏஏஏ’ என்று கீறிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். இன்று படிப்பித்தால் அந்த வாலடியில்தான் நெடுநேரம் நிற்பேன்.

போன மாதம் மருதமுனையில் நண்பர் ஒருவரின் தறிக்கருகே உட்கார்ந்திருந்தேன். நெய்த துணி உருளையில் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு சாரம் முடிந்து அடுத்தது தொடங்குமிடத்தில் ஊடை ஓடாமல் விரலளவு வெறும் பாவு. கத்தரியை அதில்தான் வைத்தார்.

கலத்தில் அந்த அடையாளம் ஆறு எழுத்து: ஏ-ஏ-யு-ஏ-ஏ-ஏ. பிரதியாகிவரும் தூதில் இது தெரிந்ததும் வெட்டும் புரதங்கள் வந்து பற்றிக்கொள்கின்றன. அதைத் தாண்டி 10 முதல் 30 எழுத்துக்குள் வெட்டு விழுகிறது. வெட்டிய முனையில் ஏறத்தாழ 200 அடினீன்கள், அதாவது ‘ஏ’ எழுத்துகள், ஒவ்வொன்றாகக் கோக்கப்படுகின்றன. பொலிஅடினைலேற்றம் என்பது இதுதான். சாரத்தின் குஞ்சம் பாவு நூலிலேயே முடியப்படுவது. இந்த வாலோ பரம்பரையலகில் எழுதப்படாமல் புதிதாகச் சேர்வது. தூது சிதையாமல் காப்பதும் இதுவே.

மனிதப் பரம்பரையலகுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் வெட்டுமிடம் ஒன்றுக்கு மேல் உண்டு. பெரும்பாலும் புரதத்துக்கான பகுதி மாறுவதில்லை. அதற்குப் பின்னால் வரும் துண்டுதான் நீள்கிறது, குறுகுகிறது. அந்தத் துண்டில்தான் மைக்ரோ ஆர்.என்.ஏக்கள் எனும் மிகச் சிறு ஆர்.என்.ஏத் துண்டுகள் ஒட்டிப் புரத உற்பத்தியை அடக்குகின்றன. முந்தி வெட்டினால் அவை ஒட்ட இடமில்லை. வேகமாகப் பெருகும் ரி கலங்கள் எனும் நோயெதிர்ப்புக் கலங்களில் தூதுகள் குறுகுவதை 2008இலும், புற்றுநோய்க் கலங்களில் அதே போக்கை 2009இலும் ஆய்வாளர்கள் காட்டினார்கள். குறுகினால் எப்போதும் புரதம் கூடும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பல பரம்பரையலகுகளில் அப்படி நடப்பதில்லை. நீண்ட துண்டு முகவரியாகவும் உதவும்: பி.டி.என்.எஃப் என்ற மூளைப் புரதத்தின் நீண்ட தூது நரம்புக் கலத்தின் கிளைகளுக்குப் போகிறது, குறுகியது கல உடலிலேயே தங்குகிறது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் நம் இரத்தத்திலேயே இருக்கிறது. பி கலம் என்ற வெண்குருதிக் கலம், கிருமியைப் பற்றும் புரதமான தன் பிறபொருளெதிரியை முதலில் மென்சவ்வில் நட்டுவைத்திருக்கும், வாசலில் காவலுக்கு நிற்பதுபோல. அப்போது வெட்டு பின்னால் விழுகிறது. மென்சவ்வில் ஊன்றும் பகுதியும் செய்தியில் அடங்கும். கிருமி வந்து, அந்தக் கலம் பிறபொருளெதிரியைச் சுரக்கும் கலமாக மாறும்போது வெட்டும் புரதங்களில் ஒன்று பெருகுகிறது. அது முன்னாலுள்ள வலுக்குறைந்த அடையாளத்தையும் விடாமல் பற்றுகிறது. ஊன்றும் பகுதி வெட்டுக்கு அப்பால் போய்விடுகிறது. அதே பிறபொருளெதிரி இப்போது இரத்தத்தில் இறங்கிக் கிருமியைத் தேடிப் போகிறது. 1980இல் தெரியவந்த இதில் புரதமே மாறுகிறது. ஆகவே ‘செய்தி ஒன்றுதானே’ என்பதற்கு, எப்போதும் ஒன்றல்ல என்பதே என் பதில்.

கேள்வி: அந்த ஆறு எழுத்தில் பிழை வந்தால் நோய் வருமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வரும். ஈமோகுளோபினின் அல்பா சங்கிலிக்கான பரம்பரையலகில் கடைசி ஏ, ஜீயாக மாறிய குடும்பங்கள் உண்டு. புரதத்துக்கான எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. வெட்டு சரியாக விழாததால் முறையான தூது குறைகிறது, சங்கிலி போதாமல் அல்பா தலசீமியா என்ற பரம்பரை இரத்தச்சோகை உண்டாகிறது.