ஐந்து எழுத்து, ஐந்து டாலர்

கேள்வி: டோக்கியோ நிஷிகசாயில் ஒரு சிறு வணிக அலுவலகத்தின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன் ஐயா. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள்தான். போய்ச் சேராத மெயிலுக்கு ஆங்கிலத்தில் பவுன்ஸ், அதாவது ‘சேரவில்லை’ என்ற அறிவிப்பு, வருகிறது. ஊழியர்கள் படிக்காமலே அழித்துவிடுகிறார்கள். பழைய சர்வரில் இருந்த ஜப்பானிய வாசகத்தை பவுன்ஸ் டெம்ப்ளேட்டில் (அறிவிப்பின் மாதிரிக் கோப்பில்) போட்டேன். எடிட்டரில் அழகாகத் தெரிகிறது. மெயிலில் பாதி மாயம், மீதி குப்பை. சார்செட்டை (எழுத்துகளை பைட்டாக்கும் முறையை) ஐஎஸ்ஓ-2022-ஜேபி என்றுதான் கொடுத்திருக்கிறேன். எங்கே தப்பு?

பதில்: சார்செட் சரிதான் தம்பி, டாலர் குறிதான் ($) வில்லன். யோகோஹாமாவில் இருந்தபோது நானும் இதே பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் ஃபாண்ட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பைட்டின் எட்டாவது பிட்டை வழியிலேயே வெட்டிவிடும் சர்வர்கள் இருந்த ஜூநெட் (ஜப்பானின் பழைய கணினி வலை) காலத்தில், ஜப்பானிய எழுத்தை 7 பிட்டுக்குள் அடக்கிய முறைதான் ஐஎஸ்ஓ-2022-ஜேபி. 1993-இல் ஆர்எஃப்சி 1468 என்ற இணைய ஆவணமாக வெளியானது. எஸ்கேப் (ESC), டாலர், பி (B) என்று மூன்று பைட் வந்தால் ‘இனி ஜப்பானியம்’ என்று பொருள். அதன்பின் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு சாதாரண ஆஸ்கி குறிகள் (ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி போன்றவை). இதில் ஹிரகானா (ஜப்பானிய ஒலி எழுத்துகள்) மொத்தத்துக்கும் முதல் குறி டாலர்! ‘கொன்னிச்சிவா’ (வணக்கம்) என்று ஐந்து ஹிரகானாவில் எழுதினால் டாலர் 3, டாலர் எஸ், டாலர் கே, டாலர் ஏ, டாலர் ஓ.

டெம்ப்ளேட்டில் டாலரைக் கண்டால் போஸ்ட்ஃபிக்ஸ் என்ன நினைக்கும்? மைஹோஸ்ட்நேம் (சர்வரின் பெயர்) மாதிரி, மதிப்பை இட்டு நிரப்ப வேண்டிய ஏதோ ஒரு மாறி என்று. ‘3’ என்ற பெயரில் மாறி ஏது? தேடிப் பார்த்து, வெறுமையை வைத்துவிட்டுப் போய்விடும். தொடக்கத்தில் உள்ள ‘டாலர் பி’யையும் விழுங்குவதால், தப்பிப் பிழைத்த கான்ஜியும் (சீன வழி எழுத்துகளும்) ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். இப்படி எழுத்து சிதைவதை ஜப்பான்காரர்கள் மொஜிபகே என்பார்கள்.

கோப்பை என்கேஎஃப் (nkf) என்ற எழுத்துமுறை மாற்றும் கருவியில் டபிள்யூ (-w) ஆப்ஷன் கொடுத்து, யூடிஎஃப்-8 என்ற முறைக்கு மாற்றுங்கள். சார்செட் வரியையும் யூடிஎஃப்-8 என்று மாற்றுங்கள். யூடிஎஃப்-8-இல் ஜப்பானிய எழுத்துக்குள் டாலர் பைட் வரவே வராது. பழைய முறைதான் வேண்டும் என்று மேலதிகாரி அடம்பிடித்தால் டாலரை இரட்டித்து எழுதலாம், இரண்டும் ஒன்றாகி வெளியே போகும். ஆனால் நிஜ மாறிகளின் டாலரைத் தொடக்கூடாது. நான் ஒருமுறை எல்லாவற்றையும் இரட்டித்துவிட்டு, ஹோஸ்ட் பெயருக்குப் பதில் மாறியின் பெயரையே ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறேன்.

சப்ஜெக்ட் வரியில் ஜப்பானியத்தை நேரடியாக எழுதாதீர்கள். அதை எம்ஐஎம்இ (மெயிலுக்கான MIME) முறைப்படி ஆஸ்கி குறிகளாக என்கோட் செய்துதான் வைக்க வேண்டும். அனுப்பிப் பார்க்கும் முன் போஸ்ட்ஃபிக்ஸின் போஸ்ட்கான்ஃப் (postconf) கட்டளையை ‘பி’ (-b) ஆப்ஷனோடு, டெம்ப்ளேட் கோப்பின் பெயரும் கொடுத்து ஓட்டுங்கள். மாறிகளை நிரப்பிய பின் வரும் வாசகம் திரையிலேயே தெரியும். எழுத்து குறைந்தால் அங்கேயே பிடித்துவிடலாம்.