விருதும் கூலியும்

கேள்வி: தெலங்கானா நாட்டுப்புறக் கலைஞர் 'பத்மஸ்ரீ' மொகுலய்யா சித்தாள் வேலை செய்யும் வீடியோவைப் பார்த்தேன். ஒரு கோடி ரூபாய் கொடுத்தும் வைத்துக்கொள்ளத் தெரியாதவருக்கு அரசு இன்னும் எவ்வளவுதான் கொடுக்கும்? (வாசகர், ஆரணி)

பதில்: உங்கள் பி.எஃப். பணம் மொத்தமாகக் கைக்கு வந்தால் எங்கே போகும்? பிள்ளைகள் கல்யாணம், ஒரு மனை, அதில் பாதி எழும்பிய வீடு. மொகுலய்யா சொன்ன கணக்கும் இதுதான். குதிரைப் பந்தயத்தில் விட்டுவிடவில்லை.

2022இல் பத்மஸ்ரீ அறிவித்ததும் தெலங்கானா அரசு ஒரு கோடி ரூபாயும் வீட்டுமனையும் தருவதாகச் சொன்னது. பணம் வந்தது, அதை மறுக்க முடியாது. மனை இழுத்தடித்தது. மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகையும் நின்றுபோனது. வீட்டில் மருந்துக்கே மாதம் 7,000 ரூபாய் ஆகிறது என்றார். 2024 மே மாதம் ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் துர்க்கயாம்ஜாலில் கட்டட வேலைக்குப் போனபோது அவருக்கு எழுபது வயதுக்கு மேல். பத்மஸ்ரீயோடு ஒரு பைசா கூட வராது என்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. ஒரு பதக்கம், குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட சான்றிதழ், அவ்வளவுதான். ரயிலில் சலுகை கூடக் கிடையாது. தெலங்கானா அரசு பஸ்ஸில் அவருக்கு இலவச பாஸ் உண்டு, அது போக்குவரத்துக் கழகம் தனியாகக் கொடுத்தது.

சரி, அவர் வாசிப்பது என்ன என்று பார்த்தீர்களா? பன்னிரண்டு மெட்டுக் கின்னேரா என்ற தந்தி வாத்தியம். மூங்கில் தண்டு, அடியில் சுரைக்குடுக்கைகள், தண்டின் மேல் மெழுகு வைத்துப் பதித்த மெட்டுகள், அதாவது சுரம் பிடிக்க விரல் வைக்கும் கட்டைகள். நம் வீணையிலும் மெட்டுகளை மெழுகில்தான் பதிக்கிறார்கள். ஆனால் வீணைக்கு சபா இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது. கின்னேராவுக்கு இருந்தது ஊர். நாகர்கர்னூல் மாவட்டம் அவுசலகுண்டாவைச் சேர்ந்த அவர், தகப்பன் பாட்டன் வழியில் ஊர் ஊராகப் போய்க் கதை பாடினார். பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்த பாலமூரு பண்டுக சாயன்னாவின் கதையைப் பாடினால் நெல்லோ காசோ கிடைக்கும். டிவி வந்தபின் கேட்க ஆள் இல்லை, கொடுக்கவும் ஆள் இல்லை. விருதுக்கு முன்னாலும் அவர் கூலி வேலைக்குப் போனவர்தான். உங்கள் வீடியோவில் அது வராது.

நடுவில் 2021இல் 'பீம்லா நாயக்' தெலுங்குப் படத்தின் தலைப்புப் பாடலில் முதலில் ஒலித்த குரல் இவருடையது. படத்தின் நாயகன் பவன் கல்யாண் 2 லட்சம் கொடுத்தார், நல்ல விஷயம். அந்தப் பாட்டைக் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். அதற்காக எத்தனை ஊர்த் திருவிழாக்களில் அவருடைய கின்னேராவுக்குக் கூடுதலாக ஒரு இரவு ஒதுக்கினார்கள்? பாடத்தெரிந்தவனுக்கு மாதா மாதம் பாட ஓர் இடமும் அதற்குக் கூலியும் கிடைத்திருந்தால் அந்த ஒரு கோடியைப் பற்றி நீங்களும் நானும் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். மொத்தமாகக் கொடுத்துவிட்டு, 'தீர்த்துவிட்டாயா?' என்று கேட்பது சுலபம்.

அப்புறம், பெயருக்கு முன்னால் 'பத்மஸ்ரீ' என்று போட்டிருக்கிறீர்கள். அந்த விருதைப் பட்டம்போலப் பெயரோடு ஒட்டக்கூடாது என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தெலங்கானாவில் அவரைக் 'கின்னேரா மொகுலய்யா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.