பழைய பத்மினிக்கு மின்விசிறி: முதலில் டைனமோவைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 1978ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி கார் இருக்கிறது. பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் நின்றால் சூடேறுகிறது. தும்கூர் சாலையில் ஓடும்போது சூடு காட்டும் முள் இறங்கிவிடுகிறது. ரேடியேட்டருக்கு மின்விசிறி பொருத்தலாமா? அதை ஆர்.சி.யில் பதிய வேண்டும் என்று ஒரு தரகர் பணம் கேட்கிறார். – வாசகர், மல்லேஸ்வரம்

பதில்: தாராளமாகப் பொருத்தலாம். பெல்ட்டில் சுழலும் விசிறி எஞ்சின் மெதுவாக ஓடும்போது தானும் மெதுவாகவே சுழலும் என்பதால், நெரிசலில் ரேடியேட்டருக்குக் காற்றுப் போதவில்லை. ஓட்டத்திலும் சூடேறியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி உப்புப் படிந்த ரேடியேட்டரை எந்த விசிறியாலும் காப்பாற்ற முடியாது.

உங்கள் வண்டியில் மின்சாரம் தருவது டைனமோவா (பழைய வகை ஜெனரேட்டர்), ஆல்டர்னேட்டரா (எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் மின்சாரம் தரும் பிந்தைய வகை) என்று நீங்கள் எழுதவில்லை. ஆல்டர்னேட்டர் என்றால் கவலையில்லை. டைனமோ என்றால் சற்றுப் பொறுங்கள். சிறிய காரின் மின்விசிறியே ஏறத்தாழ 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். இரவில் முகப்பு விளக்குகளும் கிட்டத்தட்ட அதே அளவு கேட்கும். டைனமோவோ, வண்டி நின்று எஞ்சின் மெதுவாக ஓடும் நிலையில் அநேகமாக ஒன்றுமே தராது. விசிறி தேவைப்படுவதும் சரியாக அந்த நேரத்தில்தான். ஆகவே மழைநாள் மாலையில், விளக்கும் வைப்பரும் ஓட, ஒரு மணி நேரம் நெரிசலில் நின்றால் பேட்டரி இறங்கி, அணைத்த வண்டி மறுபடி கிளம்பாது. டைனமோ வண்டிக்கு ஆல்டர்னேட்டர் மாற்றிய பிறகே விசிறி.

பெங்களூரின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜே.சி. சாலைப் பக்கம் 'முழு செட்' என்று கட்டிக் கொடுப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். பிரித்த வண்டியின் விசிறியை, ரிலே (சிறு மின்சாரத்தால் பெரு மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) இல்லாமல், சாவி சுவிட்சிலிருந்து மெல்லிய ஒயர் இழுத்து இணைத்துவிடுவார்கள். சில மாதங்களில் சுவிட்ச் உருகும். மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாகத் தடித்த ஒயரில் வர வேண்டும். எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாம் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். விசிறியை இயக்கும் வெப்ப சுவிட்ச் 92 டிகிரி அளவில் இயங்கட்டும்: சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும், எனவே அழுத்தத்தைப் பிடித்துவைத்துக் கொதிநிலையை உயர்த்தும் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால் அதிக டிகிரி சுவிட்ச் விழிப்பதற்குள் தண்ணீர் பொங்கிவிடும்.

விசிறியை ரேடியேட்டருக்குப் பின்னால், எஞ்சின் பக்கம் பொருத்தி, முன்புறக் காற்றை ரேடியேட்டர் வழியாக உள்ளே இழுக்க வைப்பது நல்லது. வேலை முடிந்ததும் ரேடியேட்டரின் முன்புறம் ஒரு தாளை வையுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி, பறந்தால் ஒயர்களை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

தரகர் விஷயத்துக்கு வருகிறேன். ஆர்.சி.யில் எஞ்சின் எண், சேசிஸ் எண், எரிபொருள், நிறம் முதலியவை உண்டு. ரேடியேட்டர் விசிறிக்கு அதில் இடமே கிடையாது. ஒரு முத்திரைக்காக மக்களை நாள் முழுதும் நிற்க வைக்கும் நடைமுறை இருக்கும்வரை, இல்லாத விதிக்கும் கட்டணம் வசூலிக்கும் இவர்களுக்குப் பஞ்சமிருக்காது. கழற்றிய பழைய விசிறியைப் போல்ட்டுகளோடு பத்திரமாக வையுங்கள். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கான 2021ஆம் ஆண்டின் விண்டேஜ் பதிவு, வண்டி அசல் வடிவில் இருப்பதை எதிர்பார்க்கிறது; உங்கள் பத்மினிக்கு அந்த வயது 2028இல் வந்துவிடும்.