பிளஸ் ஒன், என்ட்ரன்ஸ் கோச்சிங், நடனம்: எதைக் குறைப்பது?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: “மகள் பத்தாம் வகுப்புவரை தமிழ் மீடியம். இப்போது பிளஸ் ஒன் சயன்ஸ். தினமும் சாயங்காலம் ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி ட்யூஷன். சனி, ஞாயிறு பாலக்காட்டில் நீட் கோச்சிங். வாரத்தில் மூன்று நாள் பரதநாட்டியம், இதற்கு நடுவில் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்). ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறாள். நடனத்தை நிறுத்தச் சொல்கிறார்கள் வீட்டில். நிறுத்தலாமா?”

நிறுத்த வேண்டாம் அம்மா. ஏன் என்பதற்கு, அவளுடைய வாரத்தை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

வாரத்துக்கு 168 மணி நேரம். இந்த வயதுக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. குறைந்தபட்சம் எட்டு என்றாலே 56 போய்விடும். பள்ளிக்கூடமும் பஸ்ஸும் சேர்ந்து 45, பாலக்காடு போய்வருவதோடு கோச்சிங் 16, குளியல், சாப்பாடு வகையறா 17. மிச்சம் 34. அதில் ட்யூஷன் 10, நடனம் 6, என்.எஸ்.எஸ். 2 போனால் 16 மணி நேரம் கையில் நிற்கும். தானாக உட்கார்ந்து படிப்பது, வீட்டுப்பாடம், கோச்சிங் டெஸ்டுக்குத் தயாராவது, வீட்டு வேலை, ஓய்வு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அடங்காது. அதனால்தான் தூக்கம் ஐந்து மணி நேரமாகிவிட்டது.

இந்தக் கணக்கில் என் கண்ணை உறுத்துவது நடனத்தின் ஆறு மணி நேரம் அல்ல. ஒரே பாடத்தைப் பள்ளியில் ஒரு முறை, ட்யூஷனில் ஒரு முறை, கோச்சிங்கில் ஒரு முறை என்று மூன்று தடவை கேட்கிறாள். தானாகப் புத்தகத்தை விரித்துப் போராட மட்டும் நேரமில்லை. தமிழில் படித்துவிட்டுத் திடீரென்று ஆங்கிலப் புத்தகத்துக்குப் போன பிள்ளைக்கு மிகவும் தேவைப்படுவது அந்த நேரம்தான். பாடத்தைத் தமிழில் தனக்குத்தானே சொல்லிப் புரிந்துகொண்டு, அப்புறம் ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். இதை அவளுக்காக எந்த ட்யூஷனும் செய்து தர முடியாது.

ஒரு சோதனை செய்யுங்கள். பள்ளியில் நடத்தி முடித்த ஃபிசிக்ஸ் பாடம் ஒன்றை, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். கெமிஸ்ட்ரியிலும் அப்படியே. ஓரளவு எழுத வருகிற பாடத்துக்கு ட்யூஷனை நிறுத்திவிடலாம். வராத பாடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஐந்து மணி நேரம் திரும்பக் கிடைக்கும்.

கேரளப் பாடத்திட்டத்தில் இரண்டு ஆண்டும் சேர்த்து 1200 மதிப்பெண். ஃபிசிக்ஸில் இந்த ஆண்டுக்கு 80, அடுத்த ஆண்டுக்குப் பிராக்டிக்கலோடு 120. பிளஸ் ஒன்னில் குறைந்தால் இம்ப்ரூவ்மென்ட் தேர்வும் இருக்கிறது. அலட்சியம் வேண்டாம், நடுங்கவும் வேண்டாம்.

நடனத்துக்கு வருகிறேன். அதை ஆண்டு முழுக்க ஒரே அளவில் வைப்பதுதான் தவறு. கலோத்சவம் என்கிற பள்ளிக் கலைப்போட்டி பள்ளி, உபஜில்லா (துணை மாவட்டம்), மாவட்டம் என்று படியேறி, மாநில மேடை பெரும்பாலும் ஜனவரியில் வரும். பொதுத்தேர்வு மார்ச்சில். போட்டி நெருங்கும் வாரங்களில் தினமும் பயிற்சி இருக்கும், அப்போது படிப்பு கொஞ்சம் இறங்கட்டும். எந்தப் படியோடு அவளுக்குப் போட்டி முடிகிறதோ அதற்கு மறுவாரமே நடனம் வாரத்துக்கு ஒரு வகுப்பாகட்டும், தேர்வு முடியும்வரை. இதை நடன டீச்சரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பிளஸ் டூவில் போட்டிக்குப் போவதா வேண்டாமா என்பதை அடுத்த ஜூனில் அவளே முடிவு செய்யட்டும். போட்டிக்காகக் கிடைக்கும் கூடுதல் மதிப்பெண்ணான கிரேஸ் மார்க்குக்காக மட்டும் ஆட வைக்காதீர்கள். நீட் ரேங்குக்கு அது கணக்கில் வராது.

என்.எஸ்.எஸ்.ஸில் மறக்கக் கூடாதது ஏழு நாள் முகாம். பெரும்பாலும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் வைப்பார்கள். கோச்சிங்கில் முன்கூட்டியே சொல்லி அந்த வார டெஸ்டைத் தள்ளி வாங்குங்கள். முடிந்தால் வார இறுதிக் கோச்சிங்கையும் ஒரு நாளாகக் குறைக்கும் பேட்ச் இருக்கிறதா என்று விசாரியுங்கள். நீட் இன்னும் ஓராண்டுக்கு மேல் தள்ளித்தானே இருக்கிறது.

திரும்பக் கிடைக்கும் நேரத்தை முதலில் தூக்கத்துக்குக் கொடுங்கள். படித்தது மனதில் பதிவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு வாரத்தில் ஒரு சாயங்காலமாவது எந்த வகுப்பும் இல்லாமல் அவளுக்கே விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் என்ன செய்தாய் என்று கேட்க வேண்டாம். தோழி வீட்டுக்குப் போகட்டும், படுத்துக் கிடக்கட்டும். ஃபோனை மட்டும் இரவு படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். உங்களுடையதும்தான், அப்போதுதான் அவள் ஒத்துக்கொள்வாள்.

மூன்று வாரம் ஒழுங்காகத் தூங்கியும் சோர்வு தீரவில்லை என்றால் சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் பாருங்கள். பெண் பிள்ளைகளுக்கு ரத்தசோகை சாதாரணமாக வரும். அளவு 12க்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் மருந்து கேளுங்கள். சரியாகச் சாப்பிடாமல், காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தால் அந்த மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். கேரள அரசின் திஷா சுகாதார உதவி எண் 1056, எந்த நேரமும் கூப்பிடலாம்.